வேலை கிடக்க ஊர் சுற்றலாமா?

(இரவுப் பாடசாலைத் தோழர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் கடைசியில் மும்பை, மகத், எல்லோரா, நாக்பூர் என்று பத்து நாள் பயணம் போய்வருவதாக நாம் பேசி ஐந்து மாதம் ஆகிறது. போன கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து, "பாடசாலைக் கூரை ஒழுகுது, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்க ஆள் இல்லை. இவ்வளவு வேலை கிடக்க ஊர் சுற்றப் போறது நியாயமா?" என்று கேட்டார். நான்கைந்து பேர் கைதட்டினீர்கள். நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்வி அது. தீப்பெட்டி ஆபீசிலும் செங்கல் சூளையிலும் வேலை பார்ப்பவர்கள் மாதம் நூறு, இருநூறு என்று போட்டுச் சேர்த்த பணம். அதிலிருந்து ஒரு ரூபாய் எடுத்தாலும் கணக்குச் சொல்ல வேண்டும். இன்றைக்கு அந்தக் கணக்கைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பயணம் என்ற சொல்லுக்கு இப்போது ஒரு மவுசு வந்திருக்கிறது. லடாக்குக்கு பைக்கில் போனேன், என்னையே கண்டுகொண்டேன் என்கிறார்கள். ரீல்ஸைத் திறந்தால் மலை, மேகம், பின்னால் இளையராஜா பாட்டு. நானும் பார்ப்பேன், பிடிக்கும். ஆனால் பயணம் ஆளை மாற்றிவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் நம்பத் தயாராக இல்லை. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று பயந்து, போய்வந்தவர்களுக்குப் பிராயச்சித்தம் செய்வித்த கூட்டம் இந்த நாட்டில் இருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விமானம் ஏறி அமெரிக்கா போனார்கள். சாதி போனதா? 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட வேண்டியிருந்தது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். ஊறுகாய்ப் பாட்டிலோடு பாட்டிலாகச் சாதியும் உடையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

காசியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாக இங்கிருந்து மக்கள் போய்வருகிறார்கள். 1904இல் இருபத்தைந்து வயது ஈ.வெ.ராமசாமியும் போனார். பசியோடு சத்திரத்து வாசலில் நின்றவரை, பார்ப்பனருக்கு மட்டும்தான் சோறு என்று வெளியே தள்ளினார்கள். தெருவில் எறியப்பட்ட எச்சில் இலையில் மிஞ்சியதைத் தின்று பசியாறினார். அந்தச் சத்திரத்தைக் கட்டியவரோ தெற்கிலிருந்து போன பார்ப்பனரல்லாத வணிகர். அதே வாசலைத் தாண்டி எத்தனை ஆயிரம் பேர் கங்கைக்குப் போயிருப்பார்கள்? கட்டியவன் ஒருவன், உண்பவன் ஒருவன் என்பது அவர்கள் கண்ணில் படவே இல்லை. ஆகவே டிக்கெட் எடுத்தாலே அறிவு வந்துவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தத் தோழரோடு இதுவரை எனக்குச் சண்டையே கிடையாது.

என் வாதம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. நமக்கு மறுக்கப்பட்டவற்றில் முதன்மையானது சாலை. 1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் தொடங்கியது கோயிலுக்குள் நுழையும் போராட்டம் என்றுதான் இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கான போராட்டம். சாமி கும்பிட இல்லை, சும்மா நடந்து போக. அதற்குப் பெரியார் இரண்டு முறை சிறை போனார். நாகம்மையார் களத்தில் நின்றார். 1925 நவம்பரில் ஒருவழியாக உடன்பாடு வந்தபோதும் நான்கு தெருவில் மூன்றுதான் திறந்தது. அதே 1924இல், தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பிய இரட்டைமலை சீனிவாசன், சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையில், தெருவில் யாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் யாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானம். மனிதன் தெருவில் நடக்கலாம் என்பதற்குச் சட்டமன்றம் கூடிக் கையைத் தூக்க வேண்டியிருந்தது. அது நடந்து நூறு ஆண்டுதான் ஆகிறது.

சாலை திறந்த பிறகு பேருந்து வந்தது. 1997இல் நடந்தது நம் மாவட்டத்துப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள் என்பதால் சொல்கிறேன். விருதுநகரைத் தலைமையாகக் கொண்டு புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் ஒட்டுமொத்தமாக நீக்கிவிட்டது. சீட்டு அதே சீட்டு, கட்டணம் அதே கட்டணம். பக்கவாட்டில் பெயிண்டில் எழுதியிருந்த ஒரு பெயரைத் தாங்க முடியவில்லை. அதே ஆண்டு ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். ஒரு தலித் ஊராட்சித் தலைவராகி, அந்த வேலையாக மதுரைக்குப் போய் வருவதைக்கூடப் பொறுக்காத ஊர் அது.

ஆகவே, ஊர் சுற்றுவது என்று நாம் லேசாகச் சொல்கிற காரியம் நம் மக்களுக்கு ஒருநாளும் லேசாக இருந்ததில்லை. இதை அண்ணல் அம்பேத்கரைவிடத் தெளிவாக எழுதியவர் யாரும் இல்லை. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அந்தச் சின்னப் புத்தகத்தை நம் பாடசாலையில் மூன்று முறை வாசித்திருக்கிறோம். அதில் பெரும்பகுதி பயணக் கதைதான் என்பதைக் கவனித்தீர்களா? 1901. பத்து வயதை ஒட்டிய சிறுவன். கோரேகாவில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்காவின் பிள்ளைகளோடும் ரயில் ஏறுகிறான். புதுச் சட்டை, சரிகை வைத்த தொப்பி, புதுச் செருப்பு. அந்தத் துணிமணிகளை அவர் அவ்வளவு ஆசையாக விவரிக்கிறார். எனக்கு அந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். பயணம் என்றால் குழந்தைக்கு என்னவெல்லாம் பூரிப்பு உண்டோ அவ்வளவும் இருக்கிறது. மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். கூட்டிப்போக யாரும் வரவில்லை. நல்ல துணி உடுத்திய பிள்ளைகளிடம் நிலைய அதிகாரி அன்பாகத்தான் பேசுகிறார், யார் நீங்கள் என்று கேட்டுப் பதில் வரும்வரை. மகர் என்றதும் அவர் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர் ஏற்ற மறுக்கிறார். இரட்டைக் கட்டணம் கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார். கையில் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் தர ஆள் இல்லை. இரவு பட்டினியாகவே படுக்கிறார்கள்.

அந்தச் சிறுவன்தான் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். ஆண்டுக்கணக்கில் நியூயார்க்கிலும் லண்டனிலும் இருந்துவிட்டு 1917இல் பரோடா அரசு வேலைக்குத் திரும்புகிறார். தங்க இடமில்லாமல், பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராம் நாள் தடியோடு கூட்டம் வந்து அவரை வெளியேற்றுகிறது. வெளிநாட்டில் இருந்த காலத்தில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே தன்னிடமிருந்து அழிந்துபோயிருந்ததாக அங்கே எழுதுகிறார். இந்த இடத்தில்தான் நான் நின்று யோசிப்பேன். எவரோடும் சமமாக உட்கார்ந்து படித்து, நினைத்த கடையில் நினைத்ததைச் சாப்பிட்டு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவருக்கு, பரோடா இனி உலக வழக்கமாகத் தெரியாது. இது இப்படித்தான் என்று பெரியவர்கள் சொன்னால் உடம்பு ஒப்புக்கொள்ளாது. அறிவுக்கு முன்னால் உடம்பு மறுக்கும். அடிமைத்தனத்தின் பாதி பலம் பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை வேறோர் இடத்தில் சில காலமாவது அறுத்துவிட்டு வருவதற்குப் பெயர்தான் என்னைப் பொறுத்தவரை பயணம்.

அமெரிக்கா போனவரை உதாரணம் காட்டி எங்களை ரயிலேற்றப் பார்க்கிறீர்களே என்று நீங்கள் கேட்கலாம். சரி, 1934க்கு வாருங்கள். அப்போது அண்ணல் வட்டமேசை மாநாடுகளுக்குப் போய்வந்த தலைவர். பூனா ஒப்பந்தம் முடிந்து இரண்டு ஆண்டு. தலைக்கு மேல் வேலை. இயக்கத் தோழர்கள் சிலர் வந்து, எங்காவது சுற்றிப் பார்க்கப் போகலாம், நீங்களும் வந்தால் போகலாம் என்று கேட்கிறார்கள். அவர் என்ன சொன்னார்? வருகிறேன் என்றார். எல்லோராவின் பௌத்தக் குகைகளை எப்படியும் பார்ப்பது என்று திட்டம் போட்டார்கள். முப்பது பேர் அளவில் கிளம்பினார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. தூசியும் களைப்புமாக வந்தவர்கள், வாசலில் இருந்த குளத்தில் முகம் கழுவினார்கள். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூச்சலிட்டுக்கொண்டு அங்கிருந்த முஸ்லிம்கள் கூடிவிட்டார்கள். கடைசியில் உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று காவலுக்கு ஆளைக் கூடவே அனுப்பிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கவிட்டார்கள். சாதி இந்து மதத்தோடு நிற்பதில்லை என்பதை முப்பது பேரும் ஒரே நாளில் கற்றார்கள்.

கூட்டம், மாநாடு, மனு, வழக்கு என்று இருந்த இயக்கம் குகை பார்க்கப் போனது. போனவர்கள் பௌத்தத்தின் சுவடுகளைத் தேடிப் போனார்கள். 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அண்ணல் அறிவித்தார். எல்லோராவுக்குப் போனதால்தான் இயோலா வந்தது என்று நான் கதை கட்ட மாட்டேன். அந்த அறிவிப்புக்கு மகத்திலும் நாசிக்கிலும் பட்ட அடி இருக்கிறது. ஆனால் பாறையில் குடையப்பட்ட ஒரு விகாரையின் உள்ளே, தன் தோழர்களோடு நின்றுவிட்டு வந்த ஒரு மனிதரை அந்தக் கணக்கிலிருந்து என்னால் கழிக்கவும் முடியவில்லை. நாம் போகப்போகும் வழியில் தௌலதாபாத் இருக்கிறது. அங்கிருந்து எல்லோரா கொஞ்ச தூரம்தான். மொத்தம் 34 குகை, அதில் 12 பௌத்தக் குகை. திட்டத்தில் அதைச் சேர்த்ததற்குக் காரணம் 1934தான், இயற்கைக் காட்சி இல்லை.

பெரியார் 1931 டிசம்பரில் கப்பலேறினார். எகிப்து, துருக்கி, சோவியத் நாடு, ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின் என்று சுற்றிவிட்டு 1932 நவம்பரில் வந்தார். ஏறத்தாழ ஓராண்டு! சுயமரியாதை இயக்கம் முழு வேகத்தில் இருந்த காலம் அது. நம் தோழர் அன்றைக்கு ஈரோட்டில் இருந்திருந்தால் கட்டாயம் எழுந்து கேட்டிருப்பார். திரும்பி வந்த கையோடு பெரியார் செய்த முதல் காரியங்களில் ஒன்று என்ன தெரியுமா? ஸ்ரீ, திருவாளர், மகா-ள-ஸ்ரீ என்கிற அடைமொழிகளையெல்லாம் விட்டுவிட்டு ஒருவரையொருவர் 'தோழர்' என்று அழையுங்கள் என்றார். அந்த டிசம்பரிலேயே சிங்காரவேலரோடு உட்கார்ந்து ஈரோட்டில் சமதர்ம வேலைத்திட்டம் வைத்தார். அடுத்த ஆண்டு குடிஅரசுத் தலையங்கத்துக்காகச் சிறை போனார். பயண அனுபவத்தைப் பேசிப் பேசி மாலை வாங்கிக்கொண்டிருக்கவில்லை. இந்தக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டவரை நாம் எல்லோரும் தோழர் என்கிறோமே, அந்தப் புழக்கத்தில் ஒரு கப்பல் பயணமும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கே போகிறோம் என்பதைவிட, யார் வீட்டில் இறங்குகிறோம் என்பது எனக்கு முக்கியம். மார்ட்டின் லூதர் கிங் 1959இல் ஒரு மாதம் இந்தியாவில் இருந்தார். கேரளத்தில் ஒரு பள்ளியில், தீண்டத்தகாத மாணவர்கள் முன்னால், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தாராம். முதலில் திடுக்கிட்டுப்போனதாகவும், பிறகு யோசித்துப் பார்த்து, ஆமாம், நானும் என் மக்களும் அப்படித்தான் இருக்கிறோம் என்று உணர்ந்ததாகவும் 1965இல் ஒரு தேவாலய உரையில் சொன்னார். ஒரு சொல் ஆளை எப்படித் திருப்பிப்போடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமானவர்கள் காந்தி நினைவு நிதியினர். நாக்பூரில் லட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவி மூன்று ஆண்டுகூட ஆகாத நேரம். கிங் ஊர் திரும்பி எழுதிய பயணக் கட்டுரையின் தலைப்பே காந்தியின் நாடு என்றுதான் இருந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. விருந்தாளி, வீட்டுக்காரர் திறந்துவிடும் ஜன்னல் வழியாகத்தான் ஊரைப் பார்க்க முடியும். அதனால்தான் மகத்தில் லாட்ஜ் வேண்டாம், அங்குள்ள அம்பேத்கரியத் தோழர்களின் வஸ்தியில் தங்கலாம் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். லாட்ஜில் குளியலறை நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புத்தகத்தில் இருப்பதை நீங்களே படித்துக்கொள்வீர்கள். எனக்கு இருபத்து மூன்று வயதில் நாக்பூர் தீட்சாபூமிக்குப் போனேன். முன்பதிவில்லாப் பெட்டி, கழிப்பறைக்குப் பக்கத்தில் இடம். நம் ஊரில் புதிதாகப் பார்க்கிற எவரும் முதலில் எந்த ஊர் என்பார்கள், அடுத்து ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்காக வயிற்றுக்குள் ஒரு இறுக்கத்தை வைத்துக்கொண்டே வளர்ந்தவள் நான். நீங்களும் அப்படித்தான். நாக்பூரில் இறங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக நடக்கிறேன். வெள்ளைச் சேலை கட்டிய கிழவிகள், தோளில் பிள்ளையைத் தூக்கிய கூலிக்காரர்கள். வரிசையாகப் புத்தகக் கடைகள். சோளத்தட்டை அறுக்கும் கையோடு ஒரு அம்மா, பேரம் பேசிப் பேசிப் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, மகளுக்காம், சைகையில் சொன்னார். என்னையும் ஏதோ கேட்டார். பாஷை புரியவில்லை, ஆனால் இரண்டாவது கேள்வி இல்லை என்பது மட்டும் புரிந்தது. பாக்ரியும் மிளகாய்த் துவையலும் கொடுத்தார். இரண்டு நாள் முழுவதும் அந்த இறுக்கம் இல்லாமல் இருந்தேன். இல்லாமல் இருந்தபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது.

ஒளி பிறந்தது, ஞானம் வந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கால் வீங்கி, ஊருக்கு வந்து இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போகப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். நிழற்குடையில் சிமெண்டுத் திண்டு ஒன்று இருக்கிறது. நம் தெருக்காரர்கள் அதில் உட்கார மாட்டோம். யாரும் எழுதி வைக்கவில்லை, அடிக்கவில்லை, அதட்டவில்லை. பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து வெயிலில் நின்றே பேருந்து ஏறியிருக்கிறேன், அது எனக்கு ஒரு விஷயமாகத் தோன்றியதே இல்லை. அன்றைக்குத்தான் அந்தத் திண்டு கண்ணில் பட்டது. அடுத்த திங்கட்கிழமை நானும் இன்னும் மூன்று பெண்களும் போய் உட்கார்ந்தோம். அடுத்த நாள் திண்டில் கழிவு ஆயில் ஊற்றியிருந்தார்கள். பழைய செய்தித்தாளைக் கொண்டுபோய் விரித்து உட்கார்ந்தோம். மறுபடி ஊற்றினார்கள், மறுபடி விரித்தோம். வீட்டில் என் அம்மாவே என்னோடு ஒரு வாரம் பேசவில்லை, வேலியில் போகும் ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாய் என்று. பேப்பர் தீர்ந்ததா, ஆயில் தீர்ந்ததா தெரியாது, மூன்று வாரத்தில் ஊற்றுவது நின்றது. இன்றைக்கு அந்தத் திண்டில் நம் பாடசாலைப் பிள்ளைகள் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பயணத்தால் இயக்கத்துக்கு என்ன லாபம் என்று கேட்டவருக்கு நான் காட்டக்கூடிய ரசீது அந்தத் திண்டுதான்.

நம்மிடம் வருகிற பயணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகரத்துக் கல்லூரிகளிலிருந்து கிராம முகாம் என்று வருவார்கள். நல்ல பிள்ளைகள்தான், சிலர் இன்றுவரை நம்மோடு நிற்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் மூன்று நாள் இருந்து, குழந்தைகளைத் தூக்கிப் படம் எடுத்து, நம் வீட்டில் சாப்பிட்டதை ஒரு சாதனையாக எழுதிவிட்டுப் போவார்கள். போன வருடம் நம் காலனி அக்கா ஒருவர் ஒரு பெண்ணிடம் கேட்டார்: "எங்க வீட்ல நீ சாப்பிட்டத எழுதிட்டே. உங்க வீட்ல நாங்க சாப்பிட்டத எப்பம்மா எழுதுவ?" அந்தப் பெண் அழுதுவிட்டாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அக்காவின் கேள்வியைத் திரும்பப் பெறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்தவர் காயத்தைப் பார்த்துத் தன் மனசை வளர்த்துக்கொள்ளும் பயணம் அது. நாமும் மகத்தில் போய் அதைச் செய்துவிடக்கூடாது. அங்கேயும் இரவுப் பள்ளி நடத்துகிறவர்கள், மலம் அள்ளும் வேலையிலிருந்து பிள்ளைகளை மீட்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு நம்மிடம் கேட்க நிறைய இருக்கும். வைக்கத்தைப் பற்றி, கீழ்வெண்மணியைப் பற்றிக் கேட்டால் நமக்குச் சொல்லத் தெரிய வேண்டும். நாம் மகத்தில் இருக்கப்போவது டிசம்பர் 25. 1927இல் அங்கே மனுஸ்மிருதியை எரித்த நாள். 1968இல் வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த நாளும் அதுதான். அந்த 44 பேரைப் பற்றி மராத்தித் தோழர்களுக்குச் சொல்லும் பொறுப்பு நம்முடையது. யார் பேசுவது என்று முடிவு செய்து, இந்தியிலோ ஆங்கிலத்திலோ பத்து நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள்.

இப்போது பட்டியல். பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். பதினான்கு ஆண்கள், நான்கு பெண்கள். பெண்கள் வர விரும்பவில்லை என்று சொல்லாதீர்கள், நான் வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டேன். விரும்பாதவர் இரண்டே பேர். மற்றவர்களில் ஒருவருக்கு மாமியார், ஒருவருக்குக் கைக்குழந்தை, ஒருவருக்கு இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கணவர். 2021இல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தபோது, நம் தெருவில் முதல் மாதம் என்ன நடந்தது என்று யாராவது கவனித்தீர்களா? மூன்று பாட்டிகள் பேருந்தேறி டவுனுக்குப் போனார்கள். எதற்குப் போனீர்கள் என்றால், சும்மா போனோம் என்றார்கள். ஆஸ்பத்திரி, ரேஷன், சாவு என்று காரணம் சொல்லாமல் வெளியே போனதே அவர்கள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஊர் சுற்றுகிறார்கள் என்று இதே வார்த்தையால் அப்போதும் சிலர் கேலி செய்தீர்கள். சாவித்திரிபாய் பூலே பள்ளிக்கூடத்துக்கு நடந்தபோது சேறும் சாணியும் எறிந்தவர்களும் பெண் தெருவில் இறங்கியதைத்தான் பொறுக்கவில்லை.

பணக் கணக்குக்கு வருகிறேன். கையில் இருப்பது 96,000 ரூபாய். கூரைக்குத் தகரம், இரும்புக் குழாய், கூலி எல்லாம் சேர்த்துக் கொத்தனார் 31,000 கேட்கிறார். அதை முதலில் எடுத்துவிடலாம். ஐப்பசி மழை ஆரம்பிக்கும் முன் கூரை மாற வேண்டும், இதில் அந்தத் தோழர் சொன்னது முழுக்கச் சரி. மிச்சத்தில் பதினெட்டுப் பேர் போக முடியாது, பன்னிரண்டு பேர் போகலாம். அந்தப் பன்னிரண்டில் ஏழு பேர் பெண்கள். ஏற்கெனவே வெளி மாநிலம் பார்த்தவர்கள், என்னையும் சேர்த்து, விலகிக்கொள்கிறோம். கூட்டிப்போக வழி தெரிந்த ஒருவர் மட்டும் போதும். கைக்குழந்தைக்காரியின் குழந்தையை அந்தப் பத்து நாளும் நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன், அவள் நம்பியதாகத் தெரியவில்லை. கணக்குப் பாடத்துக்கு ஆள் தேடுவது இன்னும் பாக்கி. அரையாண்டு விடுமுறைக்குள் கிடைக்காவிட்டால் அதற்குத் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர்களைத் திருத்திக் கொடுங்கள், டிக்கெட் போட வேண்டும். ஆதார் நகல் ஒன்று, குளிருக்குப் போர்வை ஒன்று. மகத் தோழர்கள் சோறா, சப்பாத்தியா என்று கேட்டிருந்தார்கள். இரவுக்காவது சோறு போடுங்கள் என்று எழுதிவிட்டேன். ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.